அறுபத்து மூன்றா, அறுபத்து நான்கா

அலுவலகத்தில் அவளுக்குத் 'துப்பறியும் அக்கா' என்று பெயர். சாஃப்ட்வேருக்குக் கையேடு எழுதுவது வேலை. யார் சொன்னதையும் நம்பாதது குணம். கதவைப் பூட்டிவிட்டேன் என்று கணவர் சொன்னாலும், தானே ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள்.

ஒரு திங்கட்கிழமை, அந்த சாஃப்ட்வேரைப் பயன்படுத்தும் நூலகம் ஒன்றிலிருந்து புகார் வந்தது. பழைய புகைப்படங்களை இரண்டு ஃபோல்டர்களில் போட்டிருக்கிறார்கள். நீளமான பெயர்கள், கடைசி எழுத்து மட்டும் வேறு. இப்போது ஒரே ஃபோல்டர்தான் இருக்கிறது, பாதிப் படங்களைக் காணோம். பெயரில் அறுபத்து நான்கு எழுத்து வரை இருக்கலாம் என்று உங்கள் கையேடுதானே சொன்னது என்று கேட்டிருந்தார்கள்.

புரோகிராமரோ நூலகத்துக்காரர்கள் மேல் பழியைப் போட்டார். முகம் பார்க்காமல் அவர் பேசியது அவளுக்கு உறுத்தியது. தன் இடத்துக்கு வந்து, எண்ணி எண்ணி அறுபத்து நான்கு எழுத்தில் ஒரு பெயரை அடித்தாள். சாஃப்ட்வேர் ஏற்றுக்கொண்டது. ஃபோல்டர் பட்டியலைத் திறந்து எண்ணினால் அறுபத்து மூன்று. கடைசி எழுத்தைச் சத்தமில்லாமல் விழுங்கியிருந்தது. அப்படித்தான் நூலகத்தின் இரண்டு பெயர்களும் ஒன்றாகி, ஒரு ஃபோல்டரின் மேல் மற்றது விழுந்திருக்கிறது.

ஆள் தெரிந்தே மறைக்கிறார் என்று முடிவுகட்டி, அவர் மேஜைக்கே போனாள்.

"கையேட்டுல அறுபத்து நாலுன்னு போடச் சொன்னது யாரு?"

"நான் கொடுத்தது அறுபத்து மூணு. யாரு மாத்தினாங்கன்னு நீங்களே பாருங்க."

கையேட்டின் பழைய திருத்தங்களைக் கிளறினாள். மூன்று வருடத்துக்கு முந்தைய பதிவில் அவள் பெயரே இருந்தது. '63 பிழை போலிருக்கிறது, கம்ப்யூட்டர் கணக்கில் 16, 32, 64 என்றுதான் வரும்' என்று குறிப்பு வேறு. யாரையும் கேட்கவில்லை, அடித்துப் பார்க்கவும் இல்லை. ஊரையே சந்தேகப்பட்டவள் தன்னை மட்டும் விட்டுவைத்திருந்தாள். காது மடல் சுட்டது.

திரும்பிப் போய் அவரிடம் ஒத்துக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை. "எண் என் தப்பு. ஒரு வார்த்தை சொல்லாம நறுக்குதே, அது உங்க தப்பு." பெயர் நீண்டால் சொல்லும் எச்சரிக்கை ஒன்றை அவர் அன்றே சாஃப்ட்வேரில் சேர்த்தார்.

கையேட்டில் 'சிறு திருத்தம்' என்று போட்டு முடித்துவிடலாம் என்றார் மேலாளர். அவர் குரலில் இருந்த குழைவு அவளுக்குப் பிடிக்கவில்லை. தவறு தன்னுடையது என்று நூலகத்துக்கு நேராக எழுதினாள். பழைய டிஸ்கில் தேடிப் பெரும்பாலான படங்களை மீட்டுவிட்டோம், பதினொன்று மட்டும் கிடைக்கவில்லை என்று பதில் வந்தது.

அந்தப் பதினொன்று அவளைத் தூங்கவிடவில்லை. மூன்று வருடத்தில் தான் செய்த திருத்தங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். இன்னும் இரண்டு தப்பு அகப்பட்டது.