இருபத்தெட்டாம் திகதி மரம்

"கொக்கா என்ன சமயம் எண்டு உனக்கே தெரியாது. பிறகு மலரிலை என்னத்தை எழுதப்போறாய்?"

அக்காவின் ஆண்டு நினைவுக்கு ஒரு மலர் வெளியிடப்போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது, கர்க்லாண்டில் வசிக்கும் உறவினர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அவரும் இப்போது இந்த மலரைக் கையில் வைத்திருப்பார். வயதில் மூத்தவர் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். எங்கள் அப்பாவும் அம்மாவும் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம் வைத்தவர்கள். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறி, பட்டம் வாங்கி இறங்கியவள் நான் ஒருத்திதான். ஏற்றிவிட்டவர் அக்கா. அவரைப் பற்றி எழுத நான் எவரிடமும் அனுமதி கேட்கப்போவதில்லை.

அக்கா மன்னார்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கூலிவேலை செய்த சைவக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அடுத்தடுத்த இடப்பெயர்வுகளில் பள்ளிக்கூடம் அவருடைய கையைவிட்டுப் போயிற்று. பத்தொன்பது வயதில் தனியாக மொன்றியலுக்கு வந்து, வில்லரேயில் ஓர் அடித்தள அறையில் இருந்துகொண்டு கையுறை தைக்கும் தொழிற்சாலைக்குப் போனார். பிரெஞ்சு வகுப்புக்கு நேரமில்லாததால் பஸ் சாரதிகளிடம் பேசிப் பேசியே பிரெஞ்சு பழகினார். அப்பாவும் அம்மாவும் ஒருவர்பின் ஒருவராக இறந்துபோனதும், ஒன்பது வயதில் இருந்த என்னை இங்கே எடுப்பித்தார். என் பள்ளி அறிக்கையை என்னையே வாசிக்கச் சொல்வார். அதில் இருப்பது நல்லதா கெட்டதா என்று என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

அதே தொழிற்சாலையில் சரக்கு வண்டி ஓட்டியவர் அத்தான். தலைப்பாகை கட்டிய பஞ்சாபிச் சீக்கியர். அக்காவிடம் தமிழ் பழகியதால் அவருடைய தமிழ் முழுக்க எங்கள் ஊர்த் தமிழ்தான். எங்கள் உறவினர் எவரும் கல்யாணத்துக்கு வரவில்லை. பிறகு வீடு மாறும் ஒவ்வொருவரும் அத்தானின் வண்டியைக் கேட்டு வந்தார்கள். அவர்களுக்கு அக்கா தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நானாக இருந்தால் கொடுத்திருக்கமாட்டேன்.

கல்யாணமான முதல் மார்கழியில் அக்கா ஒரு பிழை விட்டார். ஊரில் பின்வீட்டுக் கத்தோலிக்கர்கள் நத்தாருக்குக் கேக் அனுப்புவார்கள். நாங்கள் வருடப்பிறப்புக்குப் பலகாரம் அனுப்புவோம். அந்த நினைப்பில் முந்திரியும் முட்டையும் பிராண்டியும் போட்டுக் கறுப்புக் கேக் செய்து, வண்ணத் தாளில் சுற்றி, நத்தாருக்கு மறுநாள் மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோனார். மாமியார் அதை வாங்கி, தாளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் குளிர்ப்பெட்டியின் மேல் வைத்தார். தன்னை மருமகளாக ஏற்கவில்லை என்று நினைத்த அக்கா மூன்று வருடங்கள் கேக் செய்யவேயில்லை.

மூன்றாம் வருடம் தற்செயலாகத்தான் உண்மை தெரியவந்தது. சீக்கியர்களின் பத்தாவது குருவின் நான்கு பிள்ளைகளும் உயிர்விட்ட நாட்கள் மார்கழியில் நத்தார் வரும் அந்த வாரத்தில்தான் வருகின்றன. மூத்த இருவர் போரில் இறந்தார்கள். இளையவர் இருவருக்கும் பத்து வயதுகூட ஆகவில்லை. மதம் மாற மறுத்ததற்காக அவர்களை உயிரோடு வைத்துச் சுவர் எழுப்பினார்கள். அத்தானின் தாயார் அந்த வாரம் முழுவதும் கட்டிலில் படுப்பதில்லை. இனிப்பைத் தொடுவதில்லை. மதுவோ அவர் வாழ்நாளில் தொடாதது.

அக்கா கொதித்துப்போனார். "இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே," என்றார் அத்தான்.

"பிராண்டி போட்ட கேக்கைத் தூக்கிக்கொண்டு போறன். பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்!"

"உங்கட ஊரிலை துக்கத்துக்குக் கேக் குடுக்கிறவை எண்டு நினைச்சன். கறுப்பாயும் கிடந்தது."

அக்கா நிலத்தில் குந்தியிருந்து சிரித்தார். பிறகு அழுதார். அன்றே மாமியாரிடம் போய் அவருடைய காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார்.

இவர்களின் மகள் ஜஸ்லீன் பாலர் வகுப்புக்குப் போனதும் கேள்வி வேறு வடிவில் வந்தது. கார்த்திகை முடிந்தால் இங்கே பள்ளிக்கூடம் முழுக்க நத்தார் தாத்தா. எங்கள் வீட்டில் ஏன் மரமில்லை என்று அவள் கேட்டாள். சீக்கியப் பிள்ளைக்கு நத்தார் மரம் எதற்கு என்று குருத்வாராவில் சில பெண்கள் சொன்னார்கள். குருவின் பிள்ளைகளின் சாவை நினைக்கவேண்டிய வாரத்தில் அலங்கார விளக்கா என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. அக்காவும் அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டார். எங்கள் தமிழ் ஆட்களும் பேசினார்கள். அவர்களிடம் காரணம் எதுவும் இல்லை, வாய் மட்டும் இருந்தது. தங்கள் முற்றத்தில் மின்விளக்கு மான்களை நிறுத்திவிட்டு, பேரப்பிள்ளைகளைக் கடைத்தொகுதியில் நத்தார் தாத்தாவின் மடியில் இருத்திப் படம் எடுத்துவிட்டு, அக்காவுக்குச் சமயம் சொல்லிக்கொடுக்க வந்தார்கள்.

அக்கா யாருடனும் வாதாடவில்லை. "பள்ளிக்கூடத்திலை பாடுறதெண்டால் பாடட்டும். ஆனால் அந்தக் கிழமை எங்கட வீட்டிலை அந்தப் பிள்ளையளுக்கு. அது முடிய மரம் வைப்பம்," என்றார். அந்த வாரம் மூவரும் நிலத்தில் படுத்தார்கள். பருப்பும் ரொட்டியும்தான் சாப்பாடு. சுவருக்குள் வைக்கப்பட்ட பிள்ளைகளின் கதையை அத்தான் மகளுக்குச் சொன்னார். இருபத்தெட்டாம் திகதி காலையில் அக்கா தெருமூலையில் இருந்த டெப்பனர் என்கிற சில்லறைக் கடைக்குப் போவார். விற்காமல் கிடக்கும் மரங்களில் ஒன்றை அவருக்கென்று கடைக்காரர் எடுத்துவைத்திருப்பார். மற்றவர்கள் மரத்தைக் கழற்றித் தெருவில் போடும் நாட்களில் அக்காவின் வீட்டில் மரம் நின்றது. தைப்பொங்கல் வரைக்கும் நிற்கும். புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்கு வீடு மாறிய பிறகும், மரத்துக்கு மட்டும் வில்லரேக் கடைக்குத்தான் போனார்.

அத்தானின் தாயாருக்கு அந்த மரம் பிடிக்கவில்லை. அதை அவர் மறைத்ததுமில்லை. வீட்டுக்கு வந்தால் மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பார். ஆனாலும் வந்தார்.

புற்றுநோய் என்று தெரிந்து பதினான்கு மாதங்களில், நாற்பத்தொரு வயதில், சென்ற வருடம் தைப்பொங்கலுக்குச் சில நாட்களுக்கு முன்பு அக்கா எங்களை விட்டுப் போனார். கடைசி மரத்தையும் அவரே சொல்லி வைப்பித்திருந்தார். ஜஸ்லீன் சோளப்பொரிப் பெட்டி மட்டையில் வெட்டிய நட்சத்திரங்கள் அதில் தொங்கின.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அக்காவின் படத்தைப் பார்க்கமுதல் மரத்தைப் பார்த்தார்கள். "செத்தவீட்டிலை நத்தார் மரம் நிக்குது!" என்றது ஒரு குரல். மேலே நான் குறிப்பிட்ட உறவினர் குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னார்: "கோயிலும் வேணும், குருத்வாராவும் வேணும், மரமும் வேணும். எந்தக் கடவுள் வந்து காப்பாத்துறது? உப்பிடித்தான் முடியும்." இருந்தவர்களில் சிலர் தலையாட்டினார்கள். பிறகு, பஞ்சாபி ஆட்கள் வந்தால் என்ன நினைப்பார்கள் என்று சொல்லி, யாரையும் கேளாமல், விளக்குகளோடும் நட்சத்திரங்களோடும் மரத்தை இழுத்துக்கொண்டுபோய் முன்வாசல் பனிக்குவியலில் எறிந்தார். வந்து கையைத் துடைத்துக்கொண்டு தேநீர் கேட்டார். அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. மரியாதைக்கு வேறு சொல் தேடினேன். கிடைக்கவில்லை.

சிறிது நேரத்தில் அத்தானின் தாயார் வந்தார். மூலை வெறுமையாக இருப்பதைப் பார்த்து மகனிடம் ஏதோ கேட்டார். அத்தான் பதில் சொன்னதும், வந்த காலோடு வெளியே போய், பனிக்குள் குனிந்து நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி துப்பட்டாவில் போட்டுக்கொண்டு வந்தார். உறவினருக்கு முன்னால் நின்று அவர் பஞ்சாபியில் ஏதோ சொல்ல, அத்தான் அதைத் தமிழில் சொன்னார்: "மரம் பிடிக்கேல்லையெண்டால் அதைச் சொல்ல நான் இருக்கிறன். இவர் ஆர்?"

ஆனால் நடக்கவேண்டியது நடந்துவிட்டது. அன்று பின்னேரம் ஏழு வயது ஜஸ்லீன் என் கையைப் பிடித்துக் கேட்டாள். "சின்னம்மா, மரத்தாலையோ அம்மா செத்தவா?"

இல்லை என்றேன். நோய் என்றேன். அவள் தலையாட்டினாள், நம்பவில்லை. இந்த மார்கழியில் அந்த வாரம் முழுவதும் நாங்கள் எல்லோரும் நிலத்தில் படுத்தோம். இருபத்தெட்டாம் திகதி மரம் வாங்கப் போவோமா என்று கேட்டேன். "வேண்டாம், அப்பாவும் செத்துப்போவார்," என்றாள். கடவுளின் பெயரால் பேசியவர்கள் ஒரு குழந்தைக்குள் போட்டுவிட்டுப் போனது இதைத்தான். சீக்கியக் குடும்பம் நத்தார் மரம் வைக்கலாமா கூடாதா என்பது அந்தக் குடும்பம் தன் பிள்ளைகளோடு இருந்து பேசி முடிக்கவேண்டிய விஷயம். வைக்காமல் விடுவதற்கும் நல்ல காரணம் உண்டு. பயம் அந்தக் காரணமல்ல.

மருத்துவமனையில் அக்காவின் வலியைத் தங்கள் வலிபோலப் பார்த்த தாதியர்களுக்கும், எட்டு நாட்கள் எங்கள் வீட்டுக்குச் சோறும் பருப்பும் அனுப்பிய குருத்வாராச் சமையலறைப் பெண்களுக்கும், கேக் செய்முறையை அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்து, கடைசி இரவுகளில் அவர் அருகே செபமாலையோடு இருந்த மன்னார்த் தோழிக்கும், இடிந்துபோனாலும் ஒருநாள்கூட மகளின் தலைபின்னத் தவறாத அத்தானுக்கும் என் நன்றி. இங்கே இடம்பெறாதவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

மரமில்லாத அந்த இருபத்தெட்டாம் திகதி, அத்தானின் தாயார் ஜஸ்லீனைப் பக்கத்தில் இருத்தி நீண்டநேரம் பேசினார். அவள் கேள்வி கேட்டாள். அவர் பதில் சொன்னார். ஒரு கட்டத்தில் இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அம்மா போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன்.

"உங்களுக்கு விளங்காது சின்னம்மா, அது பஞ்சாபி."

குடும்பத்தில் படித்தவள் நான் என்று இவ்வளவு நேரமும் எழுதினேன். அந்த அறையில் எழுத்தறியாதவள் நான்தான். குருத்வாராவில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பஞ்சாபி வகுப்பில் அடுத்த நாளே பெயர் பதிந்தேன். ஐந்து வயதுப் பிள்ளைகளோடு சின்னக் கதிரையில் முழங்காலை மடக்கிக்கொண்டு இருக்கிறேன். இரண்டு வகுப்புகள் முடிந்துவிட்டன. என் எழுத்துக் கோணல் என்று பெரிய வகுப்பிலிருந்து ஓடிவந்து ஜஸ்லீன் ஆசிரியையிடம் சொல்லிக்கொடுக்கிறாள்.