துபாயில் என் மகன் பேசிய தமிழ்

பாரிஸில், லா சப்பலில் என் தையல் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அக்கா, துபாய் போனியளாம், எவ்வளவு காசு முடிஞ்சது?" குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். வாசித்துவிட்டு வாருங்கள், பிளவுசுக்கு அளவு மட்டும் எடுத்து அனுப்பிவிடுகிறேன்.

போனது பெப்ரவரி நடுப்பகுதியில், புதன் முதல் ஞாயிறு வரை ஐந்து நாள். ஊர் பார்க்கத்தான் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் போனது என் மகன் நிரோஷனிடம். இருபத்தேழு வயது, பாரிஸில் பிறந்தவன், கணினி வேலை. ஆறு மாதம் என்று சொல்லிப் போனவன், பதினாலு மாதமாகிவிட்டது. எப்போது வருவாய் என்று கேட்டால் "ஓன் வெரா, மாமான்" என்று எழுதுவான். பார்ப்போம் அம்மா என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே நான் தமிழில் கேட்பேன், அவன் பிரெஞ்சில் பதில் சொல்வான். இங்கே வீட்டுக்கு வீடு இதே கதைதான். என் பிரெஞ்சு சந்தைக்கும், வதிவிட அட்டை எடுக்கிற பிரெஃபெக்சர் வரிசைக்கும் காணும். அதற்கு மேல் போனால் பாதிதான் விளங்கும். விளங்காத மற்றப் பாதியை எனக்கு விருப்பமான மாதிரி நிரப்பிக்கொள்வேன். "ஓன் வெரா" என்றால் வருவான் என்றுதான் நிரப்பி வைத்திருந்தேன்.

இதற்குள் ஜனவரியில் ஒரு கடிதம் வந்தது. பாரிஸுக்கு வெளியே லா கூர்னெவ்வில் நாங்கள் இருப்பது அஷ்எல்எம், அரசு உதவி வாடகை வீடு, மூன்று அறை. வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எழுதி மாத முடிவுக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அங்கே இங்கே கெஞ்சி ஒரு மாதத் தவணை வாங்கினேன். போன வருடம் இரண்டு பேர் என்று போட்டேன். இந்த வருடமும் அப்படிப் போட்டால் பொய். ஒன்று என்று போட்டால் சின்ன வீட்டுக்கு மாறச் சொல்லலாம், அவன் அறை போய்விடும். அவன் அப்பா லண்டனில் வேறு குடும்பமாக இருக்கிறார், நல்லாயிருக்கட்டும், அவரை எண்ணத் தேவையில்லை. ஆக, நீ வருவாயா மாட்டாயா என்று மகனின் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட வேண்டும் என்று டிக்கெட் எடுத்தேன்.

நேரடி விமானம், போகவர 412 யூரோ, 23 கிலோ பெட்டியோடு. விமான நிலையத்துக்கு எர்ஏஎர் பே என்ற புறநகர் ரயில்தான். நவிகோ மாதப் பயண அட்டை இருந்தால் தனி டிக்கெட் வேண்டாம். ஆனால் சில ரயில்கள் லா கூர்னெவ்வில் நிற்காமல் பறந்துவிடும், பலகையைப் பார்த்து நில்லுங்கள். இரவு 9.35க்குக் கிளம்பி, ஆறே முக்கால் மணி நேரம் பறந்து, அங்கத்தைய நேரம் காலை 7.20க்கு இறங்கினேன். பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். இலங்கைப் பாஸ்போர்ட்டோ அகதிப் பயணப் பத்திரமோ வைத்திருப்பவர்கள் முதலே விசாரியுங்கள்.

என் 23 கிலோவில் 17 கிலோ சாப்பாட்டுச் சாமான். மிளகாய்த்தூள், சிவப்பரிசி மா, ஒடியல் மா, பருத்தித்துறை வடை. பிள்ளை பட்டினி கிடக்கிறான் என்ற நினைப்பு எனக்கு! கசகசா மட்டும் மறந்தும் கொண்டு போகாதீர்கள். அங்கே அது போதைப்பொருள் கணக்கு, கம்பி எண்ண வேண்டி வரும்.

இறங்கி போனைத் திறந்தால் மகனின் செய்தி, பிரெஞ்சில்: எட்டரைக்கு மீட்டிங், டாக்சி எடுத்து வாருங்கள். அவன் இருக்கும் கராமா என்ற பகுதிக்கு இருபது நிமிடம், 48 திர்ஹாம். ஒரு யூரோவுக்கு நாலு திர்ஹாம் சொச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் மாலை போட்டு வரவேற்பான் என்று நினைக்கவில்லைதான். ஆனாலும் அத்தனை பேர் பெயர்ப் பலகை பிடித்துக்கொண்டு நின்ற கூட்டத்துக்குள்ளால் தனியாகப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

கதவைத் திறந்தது செந்தில், மகனோடு வீட்டைப் பங்குபோட்டிருக்கும் திருச்சிப் பையன், பின்னேர வேலைக்குப் போகிறவன். "வாங்கம்மா, டிராவல்லாம் நல்லா இருந்துச்சா?" என்று பெட்டியை வாங்கிக்கொண்டான். கொண்டுவந்ததை அடுக்க என்று சமையலறை அலுமாரியைத் திறந்தேன். யாழ்ப்பாண மிளகாய்த்தூள் இருக்கிறது. சிவப்பரிசி மா இருக்கிறது. புட்டு அவிக்கிற பானை இருக்கிறது, குளிர்சாதனப் பெட்டியில் தோசை மா இருக்கிறது. பாரிஸில் என் புட்டைக் கண்டாலே மூக்கைச் சுளித்துவிட்டுப் பாஸ்தா அவித்துத் தின்ற பிள்ளையின் வீடு இது! என் 17 கிலோவையும் வைக்க இடமில்லாமல் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

பின்னேரம் ஆறரைக்கு நிரோஷன் வந்தான். இரண்டு கன்னத்திலும் கொஞ்சினான். "சவா, மாமான்?" என்று வழக்கம்போல் பிரெஞ்சில் சுகம் கேட்டான். வேலைக்கு இறங்கிக்கொண்டிருந்த செந்திலைப் பார்த்துத் திரும்பி, "டேய், அம்மாக்குக் காபி போட்டியா இல்லியா?" என்றான். பிறகு என்னிடம், "நீங்க உக்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்."

நான் உட்காராமல் நின்றபடியே கேட்டேன்.

"எங்கையடா உந்தத் தமிழ் படிச்சனி?"

"இங்கதான்மா. ஆபீஸ்ல பாதிப் பேரு தமிழ்தான். பேசிப் பேசி வந்துருச்சு."

சந்தோசமும் வந்தது, எரிச்சலும் வந்தது. இருபத்தேழு வருடம் நான் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியும் வராத தமிழ், ஒரு வருடத்தில் திருச்சிப் பெடியனோடு பேசி வந்திருக்கிறது. அதிலும் என்னுடைய 'இருங்கோ' இல்லை, யாரோ ஒருவருடைய 'உக்காருங்க'. கேட்க வந்ததை அன்று கேட்கவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று படுத்துவிட்டேன்.

வியாழன் எனக்குப் புர்ஜ் கலீஃபா. 124ஆம் மாடிக்கு 10.30 டிக்கெட்டை அவனே போனில் எடுத்துத் தந்திருந்தான், 189 திர்ஹாம். மெட்ரோ அட்டை 25 திர்ஹாம், அதில் 19 திர்ஹாம் பயணத்துக்கு. பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு, இளஞ்சிவப்புக் கோடு போட்ட இடத்தில் நில்லுங்கள். இறங்கிய பிறகு கோபுரத்துக்குக் கீழே உள்ள பெரிய அங்காடிக்குள் போக மூடிய பாலத்தில் நல்ல பதினைந்து நிமிட நடை, நல்ல செருப்புப் போடுங்கள்.

மேலே ஒரே சனம், எல்லாரும் சோடி சோடியாக. கண்ணாடிக்கு அப்பால் கட்டடம், அதற்கப்பால் மணல். வடிவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் "ஐயோ, அங்கை பாருங்கோ" என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். பாரிஸில், ரூ பெர்தொனே தெருவில் என் கடைக்குப் பக்கத்து நகைக்கடையில் நிற்கும் மன்னார்த் தோழிக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தேன், போகவில்லை. ஏழு தரம் எடுத்தேன். போன் பழுது என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம், அழைத்துப் பேச முடியாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நான் உங்களுக்குச் சொல்கிறேன். பின்னேரம் ஊர் நடுவே போகிற கடல் ஓடையை மரப்படகில் கடந்து தங்கக் கடைத்தெருவைச் சுற்றினேன். படகுக்கு ஒரு திர்ஹாம், துபாயில் எனக்குப் பிடித்த ஒரே விலை.

வெள்ளி பாலைவனப் பயணம், 150 திர்ஹாம். 2.45க்கு வாசலில் வந்து ஏற்றி, ஒரு மணி நேரம் ஓடி மணலில் இறக்குகிறார்கள். மதியம் சாப்பிடாதீர்கள். நான் தோசை சாப்பிட்டுவிட்டுப் போய், மணல்மேட்டில் வண்டி ஏறி விழுந்த வேகத்தில் பட்ட பாடு எனக்கும் அந்தச் சீட்டுக்கும்தான் தெரியும். மகனும் வருவதாக இருந்தது, கடைசி நேரத்தில் வேலை வந்துவிட்டது. கேரளத்து ஓட்டுநர், தெரிந்த தமிழில், "மேடம் தனியாவா? ஃபேமிலி வரலையா?" என்றார். மகன் வேலையில் நிற்கிறான் என்றேன். அவர் என் போனை வாங்கி, சூரியன் இறங்குகிற பக்கம் என்னை நிற்க வைத்துப் படம் எடுத்துத் தந்தார். நல்ல படம். யாருக்கு அனுப்புவது என்று யோசித்தேன், பிறகு போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

சனி அவனுக்கு விடுமுறை. கராமாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனான், வாழையிலைச் சாப்பாடு 22 திர்ஹாம். பரிமாறுகிறவர்கள் எல்லாரும் அவனைப் பெயர் சொல்லி விசாரித்தார்கள். ரசம் வந்தபோது கேட்டேன். இனியும் இழுத்தால் விமானத்தில் இருந்துதான் கேட்க வேண்டும்.

"நீ திரும்பி வாறியா இல்லையா?"

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து என் முன்னால் இருந்தான்.

"நான் திரும்பி வரலம்மா. இங்கயே இருக்கப் போறேன். வேலை நல்லாப் போகுது, ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க."

ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. நிரப்புவதற்கு ஓர் இடம் இல்லை.

"பிரெஞ்சில சொல்லடா," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. என்னை வளர்த்தவன் மாதிரிப் பார்த்தான்.

"பிரெஞ்சுலதான்மா ஒரு வருஷமா சொல்லிட்டு இருக்கேன்."

அந்தக் கடையில் இருந்தே அழுதேன். வெட்கப்படவில்லை, இலை போட்டவர்தான் வெட்கப்பட்டு மற்றப் பக்கம் போனார். பிறகு, "அப்ப உன்ரை அறை?" என்று கேட்டேன். "சின்ன வீடா எடுத்துக்கோங்கம்மா, பெருக்கித் துடைக்க ஈசியா இருக்கும்," என்றான். என் இடுப்பு நாரி நோவை நினைத்துத்தான் சொன்னான், அது எனக்குத் தெரியும். ஞாயிறு காலை விமான நிலையத்துக்கு அவனே வந்தான். திங்கட்கிழமை கடை திறக்குமுன் கடிதத்தில் ஒன்று என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள், பிறகு வெயில் வேக வைத்துவிடும். அங்காடிக்குள் குளிர், சால்வை எடுங்கள். சாப்பாட்டுச் சாமானைக் காவிச் சுமக்காதீர்கள், அங்கே எல்லாம் கிடைக்கிறது. சுற்றிப் பார்க்கத் துணையோடு போங்கள். பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களானால், கேட்க வேண்டியதை முதல் நாளே கேளுங்கள். இரண்டு நாள் கோபுரத்தையும் மணலையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டு திரிந்தேன், என்னைப்போல் திரியாதீர்கள்.

இப்போது அவன் ஒவ்வொரு பின்னேரமும் குரல் பதிவு அனுப்புகிறான், தமிழில். "அம்மா, சாப்ட்டீங்களா?" நான் "ஓம் அப்பன், சாப்பிட்டிட்டன்" என்று அனுப்புகிறேன். ஒரு ஆளுக்காக அடுப்பு மூட்ட மனம் வராத நாளிலும் அப்படித்தான் அனுப்புகிறேன்.