பஸ்ஸின் பின் அச்சை மாற்றிவிட்டு நான் தலைகுனிந்த பயணம்

பழைய டீசல் பஸ்ஸுக்குள் படுக்கையும் அடுப்பும் வைத்து ஊர் சுற்றுபவர்கள் அடிக்கடி கேட்பது இது: பின் அச்சின் கியரை மாற்றலாமா? தாராளமாக மாற்றலாம். எண்பதுகளின் கடைசியில் நானே மாற்றினேன். அந்தக் கதையில் நான் நல்லவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் பள்ளி விடுமுறை. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பினாங்குக்குப் போவதாக நானும் என் மனைவி சரோவும் திட்டம் போட்டிருந்தோம். எங்கள் பஸ் முன்பு தொழிற்சாலை ஆட்களை ஏற்றியது. எழுபதைத் தொட்டால் எஞ்சின் கத்துகிற கத்தலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. சக்கரம் ஒரு சுற்று சுற்ற, எஞ்சினிலிருந்து வரும் தண்டு ஆறு சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டியிருந்தது. அதை ஐந்துக்குக் கீழே கொண்டுவந்தால் அதே சத்தத்தில் வண்டி வேகமாக ஓடும்.

கிள்ளான் தாண்டி, காப்பார் சாலையில் பட்டறை வைத்திருந்த மாணிக்கம் வேலையை ஏற்றுக்கொண்டார். வேறொரு வண்டியில் கழற்றிய கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடி, கூலி எல்லாம் சேர்த்து எங்கள் ஊர்ப் பணத்தில் 1,400 வெள்ளி. மூன்று நாள் ஆனது.

வண்டியை எடுத்துவந்த அன்று வேகம் காட்டும் முள் அறுபதில் நிற்க, எஞ்சின் போட்டது அதே பழைய சத்தம். கிளப்பும்போது வேறு சோம்பல். பட்டறையிலிருந்து வீடு நாற்பது கிலோமீட்டர். மீட்டர் முப்பத்திரண்டுதான் காட்டியது. பாவி, கியரையும் மாற்றாமல் மீட்டரையும் கெடுத்துவிட்டானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரசாங்க ஆபீசில் இருபது வருடம் ஃபைல் பார்த்தவனுக்குத் தெரியாதது உண்டா? கேட்டுப் பாருங்கோ, ஏசாதேங்கோ என்றாள் சரோ. கேட்கிற ஆளா நான்!

மறுநாள் பினாங்குக்கு மூட்டைமுடிச்சோடு காலை 7.10க்குக் கிளம்பி, 8.05க்குப் பட்டறை வாசலில் நிறுத்தினேன். லோரி டிரைவர்கள் நாலைந்து பேர் தே தாரே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் மாணிக்கத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"படிச்சவனை ஏமாத்தலாம் எண்டு நினைச்சியோ? எஸ்டேட் புத்தி எங்க போகும்?"

ஆபீஸ் உத்தியோகத்துக்கு வந்த எங்கள் வீடுகளில் தோட்டத்துத் தமிழரைப் பற்றிச் சர்வசாதாரணமாகப் புழங்கிய பேச்சு அது. இப்போது எழுதவே கை கூசுகிறது. அவருடைய அப்பா ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மாணிக்கம் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். அறுபதிலேயே ஓட்டச் சொன்னார். அறுபது என்றால் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம், சரிதானே சார் என்று கேட்டார். கிலோமீட்டர் கல் வந்ததும் சரோவை மணி பார்க்கச் சொன்னார். அடுத்த கல்லுக்கு நாற்பத்தேழு செகண்ட். அதற்கடுத்த கல்லுக்கும் நாற்பத்தேழுதான்.

முள்ளுக்குப் போகும் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது. பின்னால் அச்சு மாறியது அதற்குத் தெரியாது. முள் அறுபது காட்டும்போது நாங்கள் எழுபத்தாறில் போய்க்கொண்டிருந்தோம். வண்டியைக் கொடுக்கும்போதே முள்ளை நம்பாதீங்க சார் என்று அவர் சொல்லியிருந்தார். நான் காதில் வாங்கவில்லை.

ஓரங்கட்டி மன்னிப்புக் கேட்டேன்.

"என்கிட்ட சொல்லிட்டீங்க, சரி சார்," என்றார். "அங்க நிக்கிறவங்கதான் எனக்கு வேலை கொண்டாரவங்க. அவங்க காதுல விழுந்தது நீங்க முதல்ல கத்தினதுதான் லா."

அச்சை மாற்றப்போகிறவர்களுக்கு: அந்தப் பயணம் முழுக்க வண்டி நிஜமான எண்பதில் சுகமாக ஓடியது. ஆனால் ஏற்றத்தில் முன்கூட்டியே கியரைக் குறைக்க வேண்டும். இறக்கத்தில் எஞ்சின் முன்போல் இழுத்துப் பிடிக்காது, ஆகவே முதலில் பிரேக்கைப் பாருங்கள். முள்ளை ஓட்டும் சின்னப் பல்சக்கரத்தையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். பட்டறைக்குத் திரும்பியபோது டிரைவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். மாணிக்கம் இறங்கினார். நானும் இறங்கியிருக்க வேண்டும். பினாங்குக்கு நேரமாகிவிட்டது என்றேன். சரோ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போய், அவர்கள் முன்னால் நின்று, "அவர் வேலையைச் சரியாத்தான் செய்திருக்கிறார். பிழை எங்கட," என்றாள். நான் எஞ்சினைக்கூட நிறுத்தாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.