துரைக்கு இரண்டு நன்றி

இன்று எங்கள் டைப்பிங் கடைக்கு எல்கடுவைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் தலைவர் வந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறது, தகரம் மாற்றுங்கள் என்று தோட்ட மேலாளரான துரைக்குப் போகவேண்டிய ஆங்கில மனு கையில். போன வாரம் நான் அடித்துக் கொடுத்ததுதான்.

"மொதப் பக்கத்துல தேத்தண்ணி கொட்டிருச்சு தங்கச்சி. அத மட்டும் திரும்ப எடுத்துத் தாங்க."

ஓரத்தைச் சமமாக்கியதில் சொற்களுக்கு நடுவே விழுந்த ஓட்டைகள் அன்றே என் கண்ணை உறுத்தின. வரி முடிவில் சொல்லைத் தானாக உடைத்துச் சிறு கோடு போடும் வசதி வேர்டில் இருக்கிறதே, அதைத் தட்டிவிட்டேன். ஓரம் நூல் பிடித்தது போல் நின்றது.

வரிகளும் குறைந்தன. அச்செடுத்துப் பார்த்தால், இரண்டாம் பக்கத்தின் தலையில் இருந்த நன்றி வரி, முதல் பக்கத்தின் அடிக்கு ஏறிவிட்டது.

ஆனால் பழைய இரண்டாம் பக்கத்தைத் தொட முடியாது. அங்கேயும் அதே நன்றி. அதன் கீழே நாற்பது பேரின் கையெழுத்து, கைநாட்டு.

"பழையபடி அடிச்சுத் தரட்டுங்களா அண்ணே?"

தலைவர் இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"வேணாம், இருக்கட்டும். குடுக்காத தகரத்துக்கு ரெண்டு தடவ நன்றி சொன்னா தொரைக்கே வெக்கமாப் போயிரும்."

மனு போய்விட்டது. மழைக்கு முன் தகரம் வருமா, அடுத்த மனுவில் மூன்றாவது நன்றிக்கும் இடம் விட்டு வைக்கவா? நீங்களே சொல்லுங்கள்.