வாய் தவறிய ‘ஓம்’

கிருஷாந்தி காலையிலிருந்தே ஒரு சொல்லுக்குப் பயந்துகொண்டிருந்தாள். கண்டியில் தயாராகிக்கொண்டிருந்த பேச்சுத்தமிழ் அகராதியில் அவள் உதவி ஆசிரியை. அன்று ‘த’ வரிசை. ‘தோட்டக்காட்டான்’ வந்தே தீரும்.

கல்யாணம் பேசும்போது அவள் அப்பா அழகையா, தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர் என்று சொல்லியிருந்தார்கள். உண்மையில் அவர் வத்தேகமவுக்கு மேலே தேயிலைச் செடிகளைக் கழித்துவிடும் கவ்வாத்து வெட்டிய கூலியாள். அது கணவன் தினுஷனுக்கு மட்டும்தான் தெரியும். தினுஷனின் அண்ணன் நிரஞ்சன், அதே குழுவின் இன்னோர் ஆசிரியர், எதிர்க் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

அவர்தான் ஆரம்பித்தார். “தோட்டத்தில் வசிப்பவன். பேச்சு வழக்கு. அவ்வளவுதான்.”

“நல்ல மனசோட யாரும் அப்டிச் சொல்றல்லயே?” என்றாள் அக்குறணையிலிருந்து வரும் ஸுமைரா.

குழுத் தலைவி சிவகௌரி யாழ்ப்பாணத்தவர். “ஓம், ஆனா கோவத்தில சொன்னா எந்தச் சொல்லும் வசைதானே? இது இடத்தைக் காட்டுற சொல்.”

சிவகௌரியின் பேனா அந்த வரிக்கு மேல் நின்றது. கிருஷாந்தி அந்தப் பேனாவையே பார்த்தாள். சும்மா இருந்தால் தப்பித்துவிடலாம். ஆனால் சும்மா இருக்க முடியவில்லை.

“இல்ல மேடம். அந்தச் சொல்ல நாங்க எங்களுக்குச் சொல்லிக்கிறதே இல்ல. தோட்டத்து ஆளுன்னுதான் சொல்லுவோம்.”

சொல்லுவோம். அந்தக் கடைசி ‘ஓம்’ வாயிலிருந்து போன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. நிரஞ்சன் மெதுவாக நிமிர்ந்து பார்த்தார்.

இனி மறைத்து என்ன? “எங்கப்பா கவ்வாத்து வெட்டினவரு. டவுன் ஸ்கூல்ல என்னப் பேர் சொல்லிக் கூப்பிடல. இதச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க.”

சிவகௌரி ‘பேச்சு வழக்கு’ என்பதை வெட்டிவிட்டு ‘வசைச்சொல்’ என்று எழுதினார்.

கட்டுகஸ்தோட்டையில் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நிரஞ்சன் தள்ளிப் போய் உட்கார்ந்தார். இறங்கியதும், “அம்மாகிட்ட நீயே சொல்லிரு” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

மாமியார் புஷ்பம் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கிருஷாந்தி நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்றே நினைத்தாள்.

புஷ்பம் எழுந்தார். குசினிக் கதவைச் சாத்தினார். ஈரக் கையால் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

“நானும் தோட்டத்து லயத்துல பொறந்தவதாம்மா,” என்றார், தாழ்ந்த குரலில். “நிரஞ்சனுக்குத் தெரியாது. சொல்லிராத.”

பிறகு கதவைத் திறந்துவிட்டு, மறுபடி தேங்காய் துருவ உட்கார்ந்தார்.