பன்னிரண்டாவது வீடு

“...வெயில் அடிச்சா சாமி குடுக்கற வெளிச்சம், மூட்டம் போட்டா மச்சாண்டார் குடுக்கற வெளிச்சம். எங்க வூட்டு வெளிச்சம்னு ஒண்ணு இன்னும் வரலீங்க சார்!”

சொல்லிவிட்டுச் சிரித்தார் சரசு. நான் என் படிவத்தில் ‘மின் இணைப்பு உண்டு’ என்று எழுதினேன்.

பொய். தெரிந்தே எழுதிய பொய். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

மின்சாரம் எட்டாத வீடுகளைக் கணக்கெடுக்கும் ஒப்பந்த வேலை எனக்கு. ஆரணியிலிருந்து சேவூர்வரை டவுன் பஸ், அதற்குமேல் நடை. பெரிய படிப்பெல்லாம் கிடையாது. பேச்சுக் கொடுப்பேன், பேச்சைக் கேட்பேன்... அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். யாராவது மனதில் தைக்கிற மாதிரி ஒன்று சொன்னால், என் சொந்த நோட்டில் குறித்துக்கொள்வேன். சரசு சொன்னதையும் குறித்துக்கொண்டேன், ஒரு எழுத்துப் பிசகாமல்!

ஆம், உண்மை என் நோட்டுக்குப் போயிற்று. பொய் அரசாங்கப் படிவத்துக்குப் போயிற்று.

கணவனை இழந்தவர் சரசு. கால்வாய்க்கு அந்தப் பக்கம் தனித்து நின்றது அவர் வீடு. இந்தப் பக்கம் சாலையோரத்தில் அவருடைய மச்சாண்டார், அதாவது கணவரின் அண்ணன், வீடு. அங்கே எப்போதோ இணைப்பு வந்துவிட்டது. அந்த வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு ஒயர் முருங்கை மரத்தில் சுற்றி, கால்வாயைத் தாண்டி, சரசுவின் பட்டுத்தறிக்கு மேலே ஒரு பல்பாகத் தொங்கியது. தறியின் குறுக்கே கட்டிய கயிற்றில் கொக்கி போட்டு, நெய்கிற இடத்துக்கு நகர்த்திக்கொள்வார். நான் போனது மழை மூட்டமான பிற்பகல். பல்பு எரிந்துகொண்டிருந்தது.

எரிகிற பல்பைத்தானே எழுதினேன்... இதைச் சொல்லித்தான் இத்தனை நாளும் என்னை ஏமாற்றிக்கொண்டேன்.

காரணம் வேறு. இணைப்பில்லாத வீடுகள் அந்த ஊரில் மொத்தம் பன்னிரண்டு. பதினொன்று ஒரே சந்தில். சரசுவின் வீட்டுக்கு மட்டும் தனியாக இரண்டு கம்பம் வேண்டும். ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் செலவு என்று திட்டத்தில் வரம்பு உண்டு. எங்கள் மேற்பார்வையாளர் அன்று காலைதான் போனில் கத்தியிருந்தார்: “ஒரு வூட்டுக்கு ரெண்டு கம்பம்னு எழுதிகினு வந்து நிக்காத! மொத்த ஃபைலும் திரும்பி வந்துடும், பேஜாரு!”

அவர் பொய் எழுதச் சொல்லவில்லை. ஃபைல் திரும்பினால் மறுபடி நாடாவைப் பிடித்துக்கொண்டு அளக்க நடக்க வேண்டியவன் நான். ஒரு வீட்டை எடுத்துவிட்டால் பதினொரு வீட்டுக்கு விளக்கு... பதினொரு வீட்டுக்காகத்தான் செய்தேனா? என் கால்வலிக்காகச் செய்தேனா? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை!

‘குறைந்த செலவில் எல்லோருக்கும் மின்சாரம்’ என்றுதான் படிவத்தின் மேலே அச்சிட்டிருந்தது. குறைந்த செலவை நான் காப்பாற்றிவிட்டேன். ‘எல்லோருக்கும்’ என்ற சொல்லை அடித்தது என் பேனா.

பதினொரு வீட்டிலும் விளக்கு எரிந்த அன்று எனக்குக் கேசரி கொடுத்தார்கள். தின்றேன்.

மறு வருடமே மச்சாண்டாருக்கும் சரசுவுக்கும் வரப்புத் தகராறு. அவர் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிவிட்டார். சரசு நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கிளார்க் பட்டியலைத் திருப்பிப் பார்த்தார்.

“உங்க வூட்ல கரண்டு இருக்குன்னு போட்டுக்கீதேம்மா. இனிமே வேணும்னா கம்பத்துக்கும் சேத்து நீங்கதான் கட்டணும்.”

“இல்லீங்களே! தோ, இந்த சாருதான் வந்தாரு. இவர்கிட்டதான் சொன்னேன். கேட்டுப் பாருங்க. சார், சொல்லுங்க சார்...”

நான்கு பேர் என்னைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை போதும்... அந்த நோட்டு என் பையிலேயே இருந்தது!

“ஞாபகம் இல்லம்மா. நூறு வூடு பாக்கறோம்.”

சரசு என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

அடைமழை மாதங்களில் இருட்டில் இழை அறுந்தது, புடவையில் பழுது விழுந்தது. நெய்யப் பட்டு கொடுத்த முதலாளி தறியிலிருந்த பாவு நூலைத் திருப்பி எடுத்துக்கொண்டார். சரசு பெங்களூருக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இப்போது அந்தப் பக்கம் மனை போட்டிருக்கிறார்கள், கம்பங்களும் வந்துவிட்டன. பூட்டிய அந்த வீட்டு வாசலில் தெருவிளக்கு எரிகிறது.

இதை உங்களிடம் சொன்னதால் என் பாரம் இறங்குமா? இறங்காது. இறங்கக் கூடாது. ஏனென்றால் ஒன்றை இன்னும் நான் சொல்லவில்லை...

அன்று, “எங்க வூட்டு வெளிச்சம் இன்னும் வரலீங்க” என்று சொல்லிச் சிரித்த பிறகு, நான் பேனாவைத் திறந்தேன். உள்ளே இருட்டாக இருந்தது. படிவத்தைக் கண்ணருகே தூக்கினேன். சரசு அதைப் பார்த்தார். தறிக்குழியிலிருந்து எழுந்தார். கயிற்றில் கொக்கியை மெல்ல நகர்த்தி, அந்தப் பல்பை என் படிவத்துக்கு நேர்மேலே கொண்டுவந்து, நான் எழுதி முடிக்கும்வரை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.