நான் பார்க்காத முகம்

தொண்ணூறுகளின் கடைசியில், என் முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனான். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் எனக்கு மயக்கம் தெளிவதற்குள் அவனைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் அடக்கம் பண்ணிவிட்டார்கள். பார்த்தால் நான் தாங்கமாட்டேன் என்று எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு.

செம்பட்டி வீட்டுக்கு வந்ததும் பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாகக் கனத்தது. பார்க்க வந்தவர்கள், "அத நெனைக்காத, அடுத்தது வந்துரும்" என்றார்கள். வீட்டில் யாரும் அவனைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அடுப்பில் சோறு தீய்ந்தாலும் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து அறையில் வியாழக்கிழமைதோறும் ஒரு கன்னியாஸ்திரி, மனசு சரியில்லாதவர்களை உட்காரவைத்துப் படம் வரையச் சொல்கிறார், போய்ப் பார் என்று. என் கணவர் பஸ் ஏற்றிவிட்டார்.

"எனக்கு வரைய வராது சிஸ்டர்."

"நல்லா வரையணும்னு யாரும்மா கேட்டா? கை போறபடி விடுங்க."

மூன்று வாரம் காகிதம் முழுக்கக் கறுப்பு கிரேயானைத் தேய்த்தேன். ஒருமுறை காகிதமே கிழிந்தது. சிஸ்டர் ஒன்றும் கேட்காமல் வேறு காகிதம் தந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் மட்டும் எனக்குப் பசித்தது.

நாலாவது வாரம் கை தானாக ஒரு சின்னத் தலையைப் போட்டது. முகம் வரையப் போய் நின்றுவிட்டேன். எனக்குத்தான் தெரியாதே. அவன் போன பிறகு அன்றுதான் வாய்விட்டு அழுதேன். சிஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பாத்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

என் மாமியார் பார்த்திருந்தார். அவனைத் துணியில் சுற்றியதே அவர்தான். அன்று சாயங்காலம் அவர் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தபோது படத்தை முன்னால் வைத்தேன்.

"அத்தை, அவன் எப்படி இருந்தான்?"

அவர் அரிவாள்மனையைத் தள்ளிவைத்தார். "முடி அம்புட்டு இருந்துச்சுத்தா. மூக்கு ஒன் மூக்குதான். தூங்குறாப்புலதான் இருந்தான்."

அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன். "காது இம்புட்டுப் பெருசு இல்ல" என்று என் கையைப் பிடித்து நகர்த்தினார். வேலை முடிந்து வந்த கணவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே கொல்லைப்பக்கம் போனார். அவர் அழுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் அவனைப் பற்றிப் பேச முடிந்தது.

சிஸ்டர் மாற்றலாகிப் போகும்வரை, ஒரு வருஷத்துக்கு மேல், வியாழக்கிழமைகளில் போனேன். தூக்கம் வந்தது, சாப்பாடு இறங்கியது. டாக்டரம்மா மாத்திரையைக் குறைத்து, பிறகு நிறுத்தினார். ஏக்கம் மட்டும் போகவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம் வந்தால், இந்த வருஷம் ஒண்ணாப்பு, இந்த வருஷம் மூணாப்பு என்று மனசு அவனை ஒவ்வொரு வகுப்பாக ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்தது.

இடையில் மகள் பிறந்தாள். நாலு வயதில் ஒருநாள் பீரோவைக் குடைந்து அந்தப் படத்தை எடுத்துவந்தாள்.

"யாரும்மா இது?"

"ஒன் அண்ணன். பொறக்குறதுக்கு முந்தியே செத்துப்போனான் பாப்பா."

"சட்டையே இல்லையே" என்றவள், தன் சிவப்பு கிரேயானை எடுத்து, தலைக்குக் கீழே அவனுக்கு ஒரு சட்டை போட ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. இருந்திருந்தால் அந்த கிரேயானுக்காக இவளோடு சண்டை போட்டிருப்பான். அந்தச் சண்டையைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.